பாதுகாப்புச் சான்றிதழைத் தானியங்கி முறையில் புதுப்பிக்கக் கோரி மனு

பெறுநர்:
உயர்திரு இணையச் சேவைப் பிரிவு அலுவலர் அவர்கள்

பொருள்: கண்டெய்னரில் (மென்பொருளைத் தனியே பிரித்து இயக்கும் அமைப்பில்) இயங்கும் துறை இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் தானாகவே புதுப்பிக்கப்பட ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

வணக்கம். நான் சர்வர் பராமரிப்பு வேலை செய்பவன். கணினிப் பழக்கம் இல்லாதவர்களுக்குத் தங்கள் துறையின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும் உண்டு. சென்ற மாதம் ஒரு வயதான அம்மா, கடைசி நாளன்று பாஸ்புக்கோடு வந்து உட்கார்ந்தார். தளத்தைத் திறந்தால் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை. தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் முந்தின நள்ளிரவே காலாவதி. உதவி எண்ணில் பேசியவர், "அதைக் கண்டுக்காம உள்ளே போங்க சார்" என்றார். அந்த அம்மாவின் வங்கிக் கணக்கு எண்ணை அப்படி ஒரு பக்கத்தில் தட்ட எனக்குக் கை வரவில்லை. விண்ணப்பிக்காமலே திரும்பிப் போனார்.

புகார் அனுப்பினேன். சான்றிதழை இரண்டு வாரம் முன்பே புதுப்பித்துவிட்டதாகப் பதில் வந்தது. அது உண்மையாகவே இருக்கும். கோளாறு அதற்கு அடுத்த படியில். தளத்தை வழங்கும் வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ், தான் தொடங்கும்போது சான்றிதழை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். டிஸ்க்கில் கோப்பு மாறியது அதற்குத் தெரியாது. யாராவது ரீலோட் செய்து மறுபடி படிக்க வைக்கும்வரை பழையதையே காட்டும்.

கண்டெய்னர் என்றால் இந்த ரீலோட் இன்னும் சுலபமாக விட்டுப்போகும். சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் மென்பொருள் ஒரு கண்டெய்னரில், என்ஜின்எக்ஸ் இன்னொன்றில். செர்ட்பாட்டின் ஹூக் (புதுப்பித்ததும் தானாக ஓடும் கட்டளை) தன் கண்டெய்னருக்குள்தான் ஓடும், பக்கத்துக் கண்டெய்னரை எட்டாது. எனவே புதுப்பித்தல், ரீலோட் இரண்டையும் கண்டெய்னர்கள் ஓடும் ஹோஸ்ட் கணினியின் கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) வழியே ஒரே ஸ்கிரிப்ட்டில், நாளுக்கு இரண்டு முறை ஓட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். புதுப்பிக்கும் நேரம் வராவிட்டால் செர்ட்பாட் எதையும் மாற்றாது. ரீலோட் செய்வதால் தளமும் நிற்காது.

சான்றிதழும் அதன் ரகசியக் கீயும் கண்டெய்னருக்குள் இல்லாமல் வால்யூமில் (கண்டெய்னருக்கு வெளியே உள்ள சேமிப்பிடத்தில்) இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்டெய்னரை மாற்றும்போதெல்லாம் அவை போய்விடும். மறுபடி மறுபடி கேட்டால், ஒரே பெயர்களுக்கு 7 நாளில் 5 சான்றிதழுக்கு மேல், இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தராது. செர்ட்பாட்டின் ‘லைவ்’ ஃபோல்டரை மட்டும் கண்டெய்னரோடு இணைத்தாலும் (மவுண்ட்) சரிவராது, அதில் இருப்பவை உண்மையான கோப்புகள் அல்ல, ‘ஆர்க்கைவ்’ ஃபோல்டரில் உள்ள கோப்புகளைச் சுட்டும் சிம்லிங்குகள். என்னுடைய ஒரு நாள் முழுக்க இதிலேயே போயிருக்கிறது. அப்புறம், தளம் நம்முடையதுதானா என்று லெட்ஸ் என்கிரிப்ட் சரிபார்க்க ஃபயர்வாலில் போர்ட் 80 திறந்திருக்க வேண்டும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் டிஎன்எஸ் (தளப் பெயர்ப் பதிவு) வழிச் சரிபார்ப்பு இருக்கிறது.

நாட்காட்டியில் குறித்து வைத்துக் கையால் மாற்றும் முறை இனி தாங்காது. சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-இல் அதே தேதி முதல் 100 நாள், 2029-இல் 47 நாள். அப்போது ஆண்டுக்கு எட்டு முறையாவது மாற்ற வேண்டிவரும். லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலும் 2025 ஜூனில் நின்றுவிட்டது.

ஆகவே, வெளியிலிருந்து தளத்தோடு இணைந்து, அது உண்மையில் காட்டும் சான்றிதழின் முடிவுத் தேதியைத் தினமும் பார்க்கும் சோதனை ஒன்றும் வேண்டும். 14 நாளுக்குக் கீழே போனால் இரண்டு பேருக்காவது தகவல் போகட்டும். ஒருவர் விடுப்பில் இருக்கலாம்.

இப்போதுள்ள சான்றிதழ் முடியும் முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்து தருமாறும், அதுவரை எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்ல வேண்டாம் என்று உதவி எண் ஊழியர்களுக்கு அறிவுறுத்துமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர்)