பணியிடப் பயிற்சியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வகுப்பறைக்காக உருவான கற்றல் கருவிகளை, வேலையில் இருக்கும் பெரியவர்களின் பயிற்சிக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று ஆராயும் பொறுப்பைச் சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் அமைந்தவை அக்கருவிகள். ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்களுக்கு அது பொருந்தாது. ஆகவே எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வறிக்கையின் பெரும்பகுதி.

முதலில் வாக்கெடுப்புக் கேள்விகள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் 1991-இல் தொடங்கிய சக கற்பித்தல் முறையையே உறுப்பினர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். கேள்வியைக் காட்டி, பேசாமல் தனித்தனியாக விடையளிக்கச் சொல்லுங்கள். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாடத்தை மறுபடி விளக்குங்கள். 30 முதல் 70 வரை இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு மூன்று நிமிடம் விவாதிக்கவிட்டு மறுவாக்கு எடுங்கள். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். அனுபவசாலியும் புதியவரும் அருகருகே அமரும் பணியிடத்தில் அந்த விவாதம்தான் உண்மையான பாடம்.

கேள்வி பெயரைக் கேட்கக் கூடாது, முடிவைக் கேட்க வேண்டும். “இந்த வால்வின் பெயர் என்ன?” என்பதால் பயனில்லை. “அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, முதலில் எதைச் செய்வீர்கள்?” என்று கேளுங்கள். தவறான விடைகளைக் கற்பனையில் தேடாமல், பழுதுப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். வாக்கெடுப்புச் செயலியில், வேகத்துக்கு மதிப்பெண் தரும் வசதியையும், திரையில் வரும் தரவரிசையையும் அணைத்துவிடுங்கள். இளையவர்கள் முன்னால் தன் பெயர் கடைசியில் வருவதை ஒருமுறை பார்த்த மூத்த தொழிலாளி அடுத்த கேள்விக்கு வாய் திறக்க மாட்டார்.

அடுத்தது இடைவெளி விட்டு நினைவுகூர்தல். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது பாடத்தை மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். பயிற்சி முடிந்த மாலையே வைக்கும் தேர்வு நம்மை ஏமாற்றுவது இதனால்தான். இரண்டாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என மூன்று தவணைகளில், தவணைக்கு மூன்று கேள்விகளைக் கைபேசிக்கு அனுப்பினால் போதும். அவற்றை வேலை நேரத்துக்குள்ளேயே அனுப்ப வேண்டும். ஓய்வு நேரத்தைப் பிடுங்கும் பயிற்சியை யாரும் மதிப்பதில்லை.

கணினிவழிப் பாடத்தொகுப்புகள் பற்றி உறுப்பினர்களிடமிருந்து அதிகம் வந்த புகார், “பாதியில் விட்ட இடத்துக்குத் திரும்ப முடியவில்லை” என்பது. இத்தொகுப்புகள் கற்றல் தளத்தோடு தரவைப் பரிமாறிக்கொள்ளும் பொதுத் தொழில்நுட்ப வடிவம் ஸ்கார்ம். அதன் 1.2 பதிப்பில், விட்ட இடத்தையும் விடைகளையும் சேமிக்கும் புலத்துக்கு 4,096 எழுத்துகளே வரம்பு. நீளமான பாடம் அதைத் தாண்டினால் பதிவு அறுபடும். பாடத்தைச் சிறு தொகுப்புகளாகப் பிரியுங்கள், அல்லது 64,000 எழுத்துவரை ஏற்கும் ஸ்கார்ம் 2004-இன் நான்காம் பதிப்பில் வெளியிடுங்கள். உலாவியைச் சட்டென்று மூடினாலும் பதிவு போகலாம் என்பதால், கடைசிப் பக்கத்தில் “வெளியேறு” பொத்தான் கட்டாயம் இருக்கட்டும்.

பொதுக் கணினியில் பலர் பயிலும் இடங்களில் மின்னஞ்சலுக்குப் பதிலாகப் பணியாளர் எண்ணால் நுழையும்படி அமையுங்கள். தானாக வெளியேறும் நேரத்தையும் குறையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் படித்தது இன்னொருவர் கணக்கில் ஏறும். காணொளிகள் ஆறு நிமிடத்துக்குள் முடியட்டும். இயந்திர இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் எழுத்துத் தலைப்புகள் தேவை.

மதிப்பீட்டில் 1959-இல் டொனால்டு கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகளைப் பின்பற்றுகிறோம்: மனநிறைவு, கற்றது, நடத்தை, விளைவு. பெரும்பாலான பணியிடங்கள் முதல் நிலையின் கருத்துப் படிவத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரு மாதம் கழித்து மேற்பார்வையாளர் பணியிடத்திலேயே சரிபார்ப்புப் பட்டியலோடு பார்ப்பதுதான் மூன்றாம் நிலை. பட்டியலில் கண்ணால் காணக்கூடிய செயல்கள் மட்டும் இருக்க வேண்டும். “புரிந்துகொண்டார்” என்று எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். பயிற்சி வினாக்களின் மதிப்பெண்ணைச் சம்பள உயர்வுக்கோ ஒழுங்கு நடவடிக்கைக்கோ பயன்படுத்த மாட்டோம் என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி தந்த பிறகே உறுப்பினர்கள் கருவிகளை நிறுவ வேண்டும் எனச் செயற்குழு கருதுகிறது. அந்த உறுதி இல்லாத இடத்தில் விடைகள் பகிர்ந்து காப்பியடிக்கப்படும், தரவும் வீணாகும். இதனைத் தீர்மானமாகப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்