பழைய பைக்கில் முதல் காசு பிரேக்குக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கள் வார இறுதி இளைஞர் பக்கத்தில் பழைய மோட்டார் சைக்கிளை உருமாற்றிய பிள்ளைகளின் படங்கள் அடிக்கடி வருகின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது, நானும் ஒரு பழைய ஹொண்டா சிடி 125-ஐக் கையிலிருந்த காசுக்குள் திருத்தி எடுத்து இன்றைக்கும் வேலைக்கு அதில்தான் போய் வருகிறேன். ஆனால் ஒரு குறை. எல்லாப் படத்திலும் டேங்கும் சீட்டும் சைலன்சரும்தான் தெரிகின்றன, பிரேக் எப்படி, டயர் எந்த வருஷத்தது என்று ஒரு வரி கூட இல்லை. இதைப் பார்த்து ஆசைப்படும் பையன் கையிலிருக்கும் கொஞ்சக் காசை முதலில் எதில் போடுவான் என்று யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் ஸ்டைலுக்காக வந்த ஆசை இல்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், இருந்த பைக்குகளின் விலை ஏறிக்கொண்டே போனது, 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது ஒன்றை லீசிங் இல்லாமல் எடுக்கச் சாதாரண சம்பளக்காரரால் முடிவதில்லை. 2022-இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் காட்டினால் பைக்குக்கு வாரம் 4 லீட்டர் பெற்றோல்தான் என்று இருந்த நாட்களில், குறைவாகக் குடிக்கும் சின்ன என்ஜினின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. பின்முற்றத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் அப்பாவின் பைக்கைத் திருத்தி ஓட்டுவது புத்தியுள்ள காரியம், அதைச் செய்கிறவனைக் காவாலி என்று ஏசும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

வெளியே வாங்குவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது பதிவுப் புத்தகத்தை. ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் சேசிஸ் இலக்கமும் என்ஜின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ‘ஓபன் பேப்பர்’ என்று கையெழுத்து மட்டும் போட்டுப் பல கை மாறி வந்த வண்டியும் வேண்டாம், மிச்சம் பிடித்த காசெல்லாம் பழைய உரிமையாளரைத் தேடி அலைவதிலேயே போய்விடும். 2016 வெள்ளம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எத்தனை வண்டிகளை மூழ்கடித்தது என்று நமக்குத் தெரியும், அதனால் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே பால் தேநீர் நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

என்ஜினைக் கண்டவுடனே பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் புதிதாகப் போடச் சொல்லும் கராஜும் உண்டு. முதலில் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் பிளக் துவாரத்தில் கொஞ்சம் ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள், ஏறினால் தேய்மானம் ரிங், சிலிண்டர் பக்கம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு கசிகிறது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி போர் அடிக்கத்தான் வேண்டுமென்றால் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் லேத்துக்குப் போக வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் கூடுதலாக என்று படிப்படியாக வரும், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எந்த அளவு கிடைக்கிறதோ அந்த அளவுக்குத்தான் வெட்ட முடியும். சிடி 125-க்கு இரண்டு சிலிண்டர், ஆகவே இந்தச் செலவை இரட்டிப்பாகக் கணக்குப் பாருங்கள். ஆனால் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகாமல் கிடப்பதற்குக் காரணம் என்ஜினே இல்லை, அடைத்த கார்புரேட்டரும் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பொயின்ட் கருகியதும் டேங்க் துருவும்தான். டேங்குக்குள் வினாகிரி ஊற்றி ஓரிரு நாள் வைத்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உடனே நன்றாகக் காய வைத்து, கொஞ்சம் ஒயில் விட்டுச் சுற்றி எடுத்தால் பாதிப் பிரச்சினை சில நூறு ரூபாவில் முடியும்.

அப்புறம் பிரேக். நான் முக்கியமாக எழுத வந்தது இதைத்தான். பல வருஷம் நின்ற வண்டியின் பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் தடிப்பாகத் தெரியும், பசை மட்டும் செத்துப்போயிருக்கும், ஓடும்போது கழன்று டிரம்முக்குள் சிக்கினால் சில்லு அப்படியே இறுகி நிற்கும். புதிய ஷூ செட் ஒன்றின் விலை, பையன்கள் சீட் தைக்கக் குஷன் கடையில் கொடுப்பதில் ஒரு பங்குதான். டயரும் அப்படியே. பக்கவாட்டில் சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும், 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நான்கு இலக்கம் இல்லாமல் மூன்று மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்திய டயர், வரி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றி எறியுங்கள். மழை பெய்து முடிந்த காலி வீதியில் (கோல் ரோட்டில்) முன்னால் போகிற பஸ் திடீரென்று இடது பக்கம் ஒடித்து நிற்கும்போது உங்களைக் காப்பாற்றுவது இந்த இரண்டும்தான். இதில் செக்கண்ட் ஹேண்ட் வாங்கவே கூடாது. ஹெட்லைட் வளையம், மட்காட், ஃபுட் ரெஸ்ட் எல்லாம் பழையதாக வாங்கலாம், பில் மட்டும் கேட்டு வாங்குங்கள், களவுச் சாமான் கையில் வந்துவிடக் கூடாது. வயரிங்கையும் கட்டாயம் மாற்றுங்கள், பழைய வயரை டேப் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறவனுக்கு இரவில் லைட் அணைந்தால்தான் புரியும்.

இவ்வளவும் முடித்து மிச்சம் இருக்கும் காசில் அழகு பார்க்கலாம். சேசிஸின் பின்பகுதியை மனம்போல் அறுத்து ஒட்டாதீர்கள், தெரிந்த வெல்டிங் பாஸிடம் கேட்டுத்தான் கை வைக்க வேண்டும். சைலன்சருக்குள் இருக்கும் தகட்டை உருவி எடுப்பதில் எந்த வீரமும் இல்லை. கார்புரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டை அதற்கேற்றபடி மாற்றாவிட்டால் பெற்றோல் கலவை மெலிந்து என்ஜின் சூடாகும், அந்தச் சத்தம் கேட்கும் ஒழுங்கைக்குள் நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள், பொலிஸ் பிடித்து வழக்குப் போட்டால் அழகுக்கு மிச்சம் பிடித்தது நீதிமன்றத்தில் போகும். நிறத்தையோ என்ஜினையோ மாற்றினால் நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்கரையோடு இருக்கிறவர்கள் பெயின்டை மேலே பளபளப்பாக அடிப்பதற்கு முன் அடிப்பக்கத்துக்குத் துரு தடுக்கும் பூச்சு அடியுங்கள், உப்புக் காற்றால் வரும் துரு அங்கேதான் தொடங்கும்.

ஆசிரியர் அவர்களே, படங்களை நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பிரேக், டயர், வயரிங்குக்கு எவ்வளவு செலவானது, அழகுக்கு எவ்வளவு போனது என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுப் போடுங்கள். கிராண்ட்பாஸ், மருதானைப் பக்கம் வாழ்நாள் முழுக்க ஸ்பானர் பிடித்த பாஸ்மார் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு வாரம் ஒரு பாகத்தைப் பற்றி, தமிழில், விலையோடு சொல்லச் சொல்லுங்கள். முதல் வாரம் பின் சில்லின் டிரம்மைத் திறந்து காட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13