அரிசோனாவில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள கண்ணனுக்கு,

அங்கே வெயில் ஏறிவிட்டது என்று அப்பா சொன்னார். பாலைவனக் காற்றில் வியர்ப்பதே தெரியாது, தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் தண்ணீர் குடி. இங்கே எடிசனில் இன்னும் குளிர் விடவில்லை. அக்காவுக்கு வேலை மாறிவிட்டது, உனக்குத்தான் முதலில் சொல்லியிருப்பாள். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது சந்தோஷம்தான். எனக்கு மட்டும் நான்கு கேள்விக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது.

செவ்வாய்க்கிழமை உன் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்தோம். ஏழாவது இன்னிங்ஸில் நீ பந்து போட உள்ளே ஓடிவந்ததும் அப்பா எழுந்து நின்றவர், நீ முடித்துப் போகும்வரை உட்காரவில்லை. முதுகில் 87. இடம் உறுதியில்லாத பையன்களுக்குத்தான் இவ்வளவு பெரிய எண் கொடுப்பார்களாம். கொடுக்கட்டும், அதற்கு மேலே நம் வீட்டுப் பெயர் இருந்தது. அப்பத்தாவுக்கு வீடியோ அனுப்பினேன். தேவகோட்டையில் தெருவுக்கே காட்டிவிட்டார்கள். மட்டை பிடிக்க மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரையும் திருப்பி அனுப்பினாய்.

கடைசி ஆளுக்குப் போடும்போது இரண்டு முறை கையை உதறினாய். சும்மாதான் உதறினாயோ என்னவோ. முதலில் பந்தின் வேகம் 95 மைல் என்று காட்டிய திரை முடிவில் 91 காட்டியது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பந்துக்குப் பந்து பேசுகிற மனிதர்.

சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா? தூக்கம்? முழங்கைக்கு ஐஸ் வைக்கிறாயா?

மேலே மேஜர் லீக்குக்கு 26 பேர் போகிற அணியில் பிட்சர்கள், அதாவது உன்னைப் போலப் பந்து போடுகிறவர்கள், 13 பேருக்கு மேல் கூடாது என்பதை நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதில் பாதிக்கு மேல் கேம்ப் தொடங்கும் முன்பே முடிவான பெயர்கள். மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு இடத்துக்கு உன்னைப் போல எத்தனை பேர்! மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கிற டிரிபிள்-ஏயில் 2023 சம்பள ஒப்பந்தத்துக்குப் பிறகே வருடத்துக்கு 35,800 டாலர் ஆனது. மேலே போனால் குறைந்தபட்சச் சம்பளமே 7 லட்சம் டாலருக்கு மேல். இப்படி ஒரு நேரத்தில் வலி இருந்தாலும் எவன் வாயைத் திறப்பான்? அது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் இந்த ஒரு மாதம் உயிரைக் கொடுத்து ஆடினால் எல்லாம் கையில் வந்துவிடும் என்று நினைக்காதே. 2015இல் சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையண்ட், இப்போது நீ இருக்கிற மாதிரி சீசனுக்கு முந்தைய ஸ்பிரிங் டிரெய்னிங்கில் 9 ஹோம் ரன் அடித்தான். அந்த டிரெய்னிங்கில் வேறு யாரும் அவ்வளவு அடிக்கவில்லை. அப்படியும் கப்ஸ் அவனைக் கீழே, அயோவாவில் இருக்கும் டிரிபிள்-ஏ அணிக்குத்தான் அனுப்பியது. ஏப்ரல் 17ஆம் தேதி கூப்பிட்டார்கள், அந்த வருடமே சிறந்த புதுமுகம் என்ற விருதும் வாங்கினான். கீழே அனுப்பினால் திரும்பி வரலாம். முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிந்தால் ஒரு வருடத்துக்கு மேல் பந்தைத் தொட முடியாது.

அந்தத் தசைநார் கிழிந்த பிட்சர் டாமி ஜான் கதையை நீயே சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறாய். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருக்கு அறுவை சிகிச்சை செய்தார், 1976இல் டாமி ஜான் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார், அதற்குப் பிறகு மட்டும் 164 வெற்றி. நீ அந்த 164ஐத்தான் சொல்வாய். எனக்கு அவர் பந்து போடாத 1975தான் கண்ணில் நிற்கிறது. பிட்சர்களுக்கு இப்படிக் காயம் வசந்த காலத்தில்தான் அதிகம் நடக்கிறது என்று மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் அறிக்கை விட்டிருக்கிறது. குளிர்காலம் முழுக்க முழு வேகத்தில் போட்டுப் பழகி, வந்த முதல் நாளே ஆளுக்கு ஆள் முழு வேகம் காட்டுகிறீர்கள். அப்பா அதை அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறார். என்னிடம் கொடுக்கவில்லை, நான் எடுத்துப் படித்தேன்.

காயத்தைப் பார்க்கிற டிரெய்னரிடம் போ. வலி இல்லையென்றால் இல்லை என்று அவர் சொல்லட்டும். எட்டாம் வகுப்பில் விரல் முறிந்ததைக் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு ஆடி முடித்தவன் நீ, உன் வாயால் "ஒன்றும் இல்லை" என்றால் நான் நம்பமாட்டேன். உன் பிடிவாதத்தால்தான் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது பதினாலாவது சுற்றில் எடுத்த பையன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். அதே பிடிவாதத்தைக் கைமேல் காட்டாதே. தண்ணீர் குடி. டிரெய்னரிடம் போ.

22ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். அதற்குள் உன்னைக் கீழே மைனர் லீக் பக்கம் மாற்றிவிட்டால் வராதீர்கள் என்று அக்காவிடம் சொன்னாயாம். வருவோம். பின்பக்க மைதானத்தில் வேலி ஓரமாக நின்று பார்க்க எங்களுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பருப்புப் பொடி அரைத்துவிட்டேன், முறுக்கா தட்டையா என்பதை மட்டும் சொல். டிரெய்னர் என்ன சொன்னார் என்பதையும் அதிலேயே எழுது.

அன்புடன்,
அம்மா