டிக்கியை அளந்துவிட்டு மின்சார சைக்கிள் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை சீசனில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று 2025-இல் வரம்பு வந்தது. இ-பாஸில் வருகிறவர்களில் சிலர் காரை விடுதியில் நிறுத்திவிட்டு, கூடவே கொண்டுவந்த மின்சார சைக்கிளில் சுற்றுகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் சமவெளிக்கென்று வாங்கிய சைக்கிள், காரில் ஏற்றும்போதும் மலையில் ஓட்டும்போதும் படுத்துகிறது.

முதலில் டிக்கி. உள்ளே எவ்வளவு இடம் என்று பார்த்தால் போதாது; கதவைத் திறந்ததும் தெரியும் வாயின் அகலம், உயரம் இரண்டையும் டேப் வைத்து அளக்க வேண்டும். 20 அங்குலச் சக்கர மடக்கு சைக்கிள் மடக்கிய பிறகு ஏறக்குறைய 85 செ.மீ. நீளம், 65 உயரம், 45 அகலம் வரும். பெடலைக் கழற்றினால் அகலம் இன்னும் குறையும். இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கம்போல் திருகினால் கழலாது, இறுகும். படுக்க வைக்கும்போது செயின் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் கியர் மாற்றும் பாகம் வளைந்துவிடும்.

பின்கதவில் தொங்கவிடும் கேரியர் வாங்குவோர், ஒரு சைக்கிளுக்கு எத்தனை கிலோ என்று அதில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். பலவற்றில் 15 கிலோதான். மின்சார சைக்கிளோ பெரும்பாலும் 20 கிலோவுக்குக் குறையாது. பேட்டரியைக் கழற்றினால் 2, 3 கிலோ குறையும், அவ்வளவே. கொண்டை ஊசி வளைவுகளில் அந்த எடை ஆடி ஆடி வார் தளரும். மலையடிவாரத்தில் உள்ள கல்லார் தாண்டியதும் ஒருமுறை நிறுத்தி இறுக்குங்கள். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது. கூரை கேரியர் என்றால் 20 கிலோவைத் தலைக்கு மேல் தூக்க வேண்டுமே, அதையும் யோசியுங்கள்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முன்சக்கரத்தில் மோட்டார் இருந்தால் சக்கரத்தைச் சட்டென்று கழற்ற முடியாது. வயர் இணைப்பைப் பிரித்து, ஸ்பேனரால் நட்டைத் தளர்த்த வேண்டும். திரும்ப மாட்டும்போது அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷரை மறந்தால், ஏற்றத்தில் அச்சே சுழன்று வயரை முறுக்கி அறுத்துவிடும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரம் கழன்றிருக்கும்போது லிவரை அழுத்தாதீர்கள். பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு அட்டைத் துண்டைச் செருகி வைப்பது நல்லது.

ஒரு சார்ஜுக்கு என்று விளம்பரத்தில் போடும் 40, 50 கிலோமீட்டரெல்லாம் சமதளக் கணக்கு. ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ, 100 மீட்டர் உயரம் ஏற 27 வாட்-மணி (மின் ஆற்றலின் அளவு) வேண்டும். மோட்டாரின் இழப்பைச் சேர்த்தால் 40-க்கு அருகில். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 360 வாட்-மணி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏற்றம். மோட்டாரை மட்டும் நம்பினால் குன்னூர் வருமுன்பே பேட்டரி காலி. காரில் ஏற்றி வருவதே அதற்காகத்தான். மேலே வந்த பிறகும், சக்கர நடுவில் உள்ள மோட்டார் செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாகச் சுழன்று சூடேறும். பெடல் அச்சில் உள்ள மோட்டார் கியரின் உதவியோடு ஏறும். விலை அதிகம், ஆனாலும் மலைக்கு அதுதான். 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம் என்ற வரம்பைத் தாண்டியதைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பதிவு எண்ணும் உரிமமும் கேட்கப்படும்.

மடக்கு சைக்கிளா, பெரிய சக்கரமா என்றால், டிக்கியும் இடுப்பும் ஒத்துழைக்கும்வரை பெரிய சக்கரமே. குழியில் விழாமல் போகும். பேட்டரியை எப்போதும் காருக்குள் வையுங்கள், மழையில் தொங்கவிடாதீர்கள். மேட்டுப்பாளையம் வெயிலில் பூட்டிய காரிலும் விடாதீர்கள். உறைபனிக் காலையில் அறைச்சூட்டுக்கு வந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேட்டரி இல்லாத எடை, மடக்கிய அளவு, பேட்டரியின் வாட்-மணி மூன்றையும் விலைச்சீட்டிலேயே எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுது பார்ப்பவர்,
குன்னூர்.