வெள்ளியங்கிரிக்குக் கார்த்திகையிலேயே தயாராக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோவை அருகே உள்ள வெள்ளியங்கிரி மலைப்பாதை திறந்ததும் பூண்டி அடிவாரத்தில் பக்தர்கள் குவிந்த செய்தி வரும். அப்புறம் மார்ச், ஏப்ரலில் 'மலையேறியவர் மூச்சுத் திணறி பலி' என்று வரும். 2024 மார்ச்சில் அடுத்தடுத்து அப்படிச் சிலர் இறந்தார்கள். முப்பதுகளில் இருந்தவரும் அதில் உண்டு. அந்த வாரம் எங்கள் தெருவில் ஐம்பதை ஒட்டிய ஆண்கள் பலர் 'இனி நமக்கு அந்த மலை வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு 51 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த ஆண்டு ஏழு மலையும் ஏறி, சுயம்பு லிங்கத்தைக் கும்பிட்டு, என் காலாலேயே இறங்கி வந்தேன். என் வயதுக்காரர்கள் இந்த மலையை விட்டுவிடக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் இப்போது பலரும் ஏறுகிற விதத்தில் ஏறவும் கூடாது.

அந்த விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சனிக்கிழமை முழு நாளும் கடையிலோ மில்லிலோ வேலை. சாயங்காலம் நண்பர்கள் வேனோடு வந்து நிற்பார்கள். வழியில் வயிறு நிறையப் பரோட்டா. வெயிலுக்குப் பயந்து ராத்திரி பத்து, பதினோரு மணிக்கு ஏறத் தொடங்குவார்கள். தூக்கம் கிடையாது. வருஷம் முழுக்கப் பைக்கை விட்டு இறங்காத உடம்பு அது. அதோடு முதல் மலையின் கல் படிகளை இருபத்தைந்து வயதுப் பையன்களுக்கு ஈடாக ஏறப் பார்ப்பார்கள். வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் நெஞ்சு படபடக்கும். 'முதல் மலைதான் சாமி கஷ்டம், அப்புறம் ஒண்ணுமில்ல' என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். அவர் சொல்வது பாதிதான் சரி. வழியில் வரும் சீதைவனம் என்ற இடத்தைத் தாண்டிய பிறகு நடை கொஞ்சம் இலகுவாகும், உண்மைதான். ஆனால் களைத்துப் போன உடம்போடு ஏழாவது மலையின் செங்குத்தான ஏற்றம் கடைசியில் காத்திருக்கிறது.

இதய நோய், ரத்த அழுத்தம், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அடிவாரத்தில் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். சொல்லட்டும், அவசியம்தான். ஆனால் தனக்கு நோய் இருப்பது தெரிந்தவருக்குத்தானே அது பொருந்தும்? நம் ஊரில் நாற்பத்தைந்து வயது ஆளில் எத்தனை பேர் நோயில்லாமல் இருக்கும்போது டாக்டரிடம் போகிறார்கள்? இன்னொன்றும் உண்டு. விரதம் இருந்து, வேனுக்குப் பணம் கொடுத்து, கையில் மூங்கில் தடி வாங்கி நிற்கிற மனிதரிடம் அங்கே பி.பி. பார்த்து 'உங்களுக்கு அழுத்தம் அதிகம், திரும்பிப் போங்க' என்றால் போவாரா? 'ஈசன் பார்த்துக்குவான்' என்று ஏறிவிடுவார். முடிவெடுக்க வேண்டிய இடம் அடிவாரம் இல்லை, வீடு. அதுவும் இரண்டு, மூன்று மாதம் முன்னால்.

நான் கார்த்திகையில் தொடங்கினேன். முதலில் டாக்டர். ஈ.சி.ஜி., எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்), டிரெட்மில் சோதனை (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்ப்பது) மூன்றும் எடுக்கச் சொன்னார். ஓய்வாக இருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், மலையேறும் அளவுக்கு உழைக்கும்போது இதயம் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லிவிடாது என்று விளக்கினார். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். திடீரென்று குளிர்ந்த வியர்வை, தாடையிலோ இடது கையிலோ வலி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு இருந்தால் அதுவே அறிகுறி, அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் கடும் உழைப்பின்போது சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். அதனால் மலையேறும் நாளுக்கு அளவை அவரே மாற்றித் தந்தார். சட்டைப் பையில் கடலை மிட்டாயும் குளுக்கோஸும் வைத்திருந்தேன்.

அப்புறம் மருதமலைப் படிகள். காரில் ஏறிப் போய்க் கும்பிடுகிற கோயிலாகவே அதை வைத்திருந்த எனக்கு, விடியற்காலையில் அந்தப் படிகளில் ஏறுவது புதிய பழக்கம். ஏற்றத்தைவிட இறக்கத்தைத்தான் அதிகம் பழகினேன். வெள்ளியங்கிரியில் இதயத்துக்குச் சோதனை ஏறும்போது என்றால், முழங்காலுக்குச் சோதனை இறங்கும்போது. இறங்கும்போது தொடைச் சதை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டும், பழக்கமில்லாத சதை அதில் சீக்கிரம் ஓய்ந்துவிடும். இரண்டாவது மலையின் வழுக்குப்பாறையில் இதை நேரில் பார்த்தேன். பாறையில் செதுக்கிய சின்னச் சின்னப் படிகள், எத்தனையோ கால்கள் பட்டு மழுங்கியவை. ஒரு பெரியவர் இரண்டு கையாலும் தடியை ஊன்றி நிற்கிறார். வேட்டிக்குக் கீழே முழங்கால் தந்தி அடிப்பதுபோல் நடுங்குகிறது. வலி ஏதும் இல்லை, ஆனால் கால் பேச்சைக் கேட்கவில்லை என்றார். பின்னால் வந்த இரண்டு பையன்கள் ஆளுக்கொரு தோள் கொடுத்து, உட்கார உட்கார வைத்து இறக்கினார்கள். அந்த மலையில் முன்பின் தெரியாதவரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பையன்கள் முகத்தில் ஒரு அவசரமும் இல்லை.

எல்லோருக்கும் அப்படித் தோள் கிடைத்துவிடாது. மேலே வண்டி வராது. செல்போன் சிக்னலை நம்ப முடியாது. ஐந்தாவது, ஆறாவது மலையில் ஒருவர் விழுந்தால் டோலி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் இறங்க வேண்டும். மாரடைப்பில் நிமிஷங்கள்தான் கணக்கு, டோலிக்கோ பல மணி நேரம் ஆகும். வனத்துறைக்கும் அறநிலையத்துறைக்கும் என் வேண்டுகோள்: கூட்டம் நெரிகிற சனி, ஞாயிறு, சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி நாட்களிலாவது மேல் மலைகளில் பயிற்சி பெற்ற ஆட்கள், ஆக்சிஜன், முதலுதவிப் பொருட்களோடு இருக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. மயங்கி விழுந்த செய்தியை மார்ச்சில் போடுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். டிசம்பரிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, ஒரு இதய மருத்துவரையும் ஒரு எலும்பு மருத்துவரையும் எழுதச் சொல்லுங்கள். என்ன சோதனை எடுக்க வேண்டும், எப்படி நடந்து பழக வேண்டும், எந்த அறிகுறி வந்தால் திரும்பிவிட வேண்டும் என்று வரட்டும். நண்பர்கள் பாதி வழியில் ஒருவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டு மேலே போகக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். அப்படித் தனியே உட்கார்ந்திருந்தவர்களை நான் மூன்றாவது மலையில் கைதட்டிச் சுனை அருகே பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

எங்கள் தெருவில் 'வேண்டாம்' என்றவர்களில் சிலர் இப்போது என்னோடு மருதமலைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். இன்னும் யாரும் டாக்டரிடம் போகவில்லை. உங்கள் பத்திரிகையில் வந்தால் போவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வடவள்ளி, கோவை.