உப்பிட்ட கையே கத்தி எடுத்த இரவு: மிஷெல் ஃபேர்லி அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய மிஷெல் ஃபேர்லி அவர்களுக்கு,

வணக்கம். 2013 ஜூன் 2 அன்று 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் மூன்றாவது சீசனில் ஒன்பதாம் பகுதி ஒளிபரப்பானபோது, நீங்கள் நடித்த கேட்லின் ஸ்டார்க் கண்ணெதிரே மகனைப் பறிகொடுத்துக் கழுத்தறுபட்டு விழுந்ததைப் பார்த்து நிலைகுலைந்தவர்களின் காணொளிகளை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். ஒருவர் வாயைப் பொத்திக்கொள்கிறார். இன்னொருவர் தலையணையில் முகம் புதைக்கிறார். அவற்றில் பலவற்றை எடுத்தவர்கள், 2000-இலேயே வெளிவந்த மூல நாவலைப் படித்து, வரப்போவதை அறிந்தும் வாய் திறக்காமல் இருந்த நண்பர்கள்.

அந்தத் தொடரில் சாவு புதிதல்ல. முதல் சீசனிலேயே கேட்லினின் கணவர் நெட் ஸ்டார்க்கின் தலை துண்டிக்கப்பட்டது. ஆனால் அது பகைவரின் ஊரில் நடந்தது. இதுவோ கேட்லினின் தம்பி எட்மூருக்குப் பெண் கொடுத்த சம்பந்தி வீடு, அதுவும் அந்தக் கல்யாண விருந்து. ஃப்ரே குலத்துப் பெண்ணை மணப்பதாகச் சொன்ன வாக்கைக் கேட்லினின் மகன் ராப் மீறியதால் அவனே தேடிக்கொண்ட முடிவு இது என்று வாதிடுவோர் உண்டு. வாக்குத் தவறியது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரொட்டியும் உப்பும் கொடுத்து உள்ளே அழைத்த பிறகு குலத் தலைவன் வால்டர் ஃப்ரேக்கு அந்தக் கணக்கைத் தீர்க்கும் உரிமை ஏது? 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று கேட்டு வளர்ந்தவள் நான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்பவனைத் திட்ட எங்களிடம் சொற்கள் ஏராளம். உப்பிட்ட கையே கத்தி எடுத்தால் என்ன சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பார்த்தவர்கள் கதறியது சாவுக்காக மட்டுமல்ல, இந்த அறம் முறிந்ததற்காகவும்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதை எங்களுக்கு உணர்த்தியவை உங்கள் கண்கள். மண்டபத்துக் கதவு சாத்தப்படுகிறது. இசைக்குழு வேறு பாட்டுக்கு மாறுகிறது. பக்கத்தில் அமர்ந்திருக்கும், ராப்பின் தரப்பிலேயே இருந்து சதியில் சேர்ந்த ரூஸ் போல்டனின் சட்டைக் கையை நீங்கள் மேலே இழுக்க, உள்ளே இரும்புக் கவசம். வசனமே தேவைப்படவில்லை.

ஆங்கிலம் தெரியாத என் அம்மா அன்று என்னருகில் இருந்தார். கொலை தொடங்கும் முன்பே, "கல்யாண வீட்டுல எதுக்குடி கதவைச் சாத்துறாங்க?" என்று என் கையைப் பிடித்தார். இறுதியில் இசையே இல்லாமல் பெயர்கள் ஓடி முடியும்வரை அந்தப் பிடியை அவர் விடவில்லை.

மிகுந்த அன்புடன்,
உங்கள் ரசிகை