கிலோமீட்டரைப் பார்த்து பெங்களூர் வண்டி வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குவோருக்கு யோசனை சொல்லி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்சி, இன்சூரன்ஸ், கடன் பாக்கி பற்றியெல்லாம் எழுதியிருந்தது சரிதான். ஆனால் முதல் யோசனையாகவே "கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டியைத் தேர்ந்தெடுங்கள்" என்று போட்டிருந்தீர்களே, பெங்களூரில் வண்டி ஓட்டிக்கொண்டு அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வேறு ஊருக்குப் பொருந்தலாம். இந்த ஊர் வண்டியில் மீட்டர் காட்டும் எண்ணைப் போல ஆளை ஏமாற்றுவது வேறெதுவும் இல்லை, அதுவும் மீட்டரில் யாரும் கை வைக்காமலேயே.

வழிகாட்டி வரைபடம் தயாரிக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு போக்குவரத்து அறிக்கைப்படி பெங்களூரில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 34 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சில்க் போர்டு, டின் ஃபேக்டரி என்று நெரிசலுக்குப் பேர்போன சந்திப்புகளில் நிற்பவர்கள் "அவ்வளவுதானா?" என்று கேட்பார்கள், சரி, சராசரி என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் 10,000 கிலோமீட்டர் ஓட என்ஜின் ஏறக்குறைய 570 மணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும். அதே தூரத்தை கிருஷ்ணகிரி, சேலம் சாலையில் 70 கிமீ வேகத்தில் ஓடும் வண்டிக்கு 143 மணி நேரம் போதும். அதாவது நான்கு மடங்கு. இந்த ஊருக்குள்ளேயே 40,000 ஓடிய வண்டியும் ஹைவேயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஓடிய வண்டியும் மணிக்கணக்கில் ஒன்றுதான். சும்மா நிற்கும்போது என்ஜினுக்குச் சுமை குறைவு, எனவே தேய்மானமும் அப்படியே நான்கு மடங்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்ஜினைச் சுற்றியிருக்கும் மற்றதெல்லாம், கிளட்ச், பிரேக், பேட்டரி, ரேடியேட்டர் ஃபேன், ஏசி கம்ப்ரசர், இதெல்லாம் கிலோமீட்டர் பார்த்துத் தேய்வதில்லை.

கிளட்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைவேயில் ஊரிலிருந்து கிளம்பி டாப் கியர் போட்டால் அடுத்த டீக்கடை வரை கிளட்ச் பெடலுக்கு வேலையே இல்லை. இங்கே கே.ஆர்.புரம் தொங்குபாலம் ஏறுவதற்குள் எத்தனை முறை மிதிக்கிறோம் என்று யாரும் எண்ணுவதில்லை. ஃப்ளைஓவர் ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சில், அதாவது பெடலைப் பாதி மிதித்து, வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் வேறு பாதிப் பேருக்கு இருக்கிறது. தர்மபுரியில் இருக்கும் என் மச்சான் இங்கே ஒரு வியாபாரியிடம் 2018 மாடல் வண்டி ஒன்றை வாங்கினார், முப்பதாயிரத்துச் சொச்சம்தான் ஓடியிருந்தது, சிங்கிள் ஓனர், ஆபீஸ் போய் வந்த வண்டி என்று சொல்லி விற்றார்கள். அதெல்லாம் உண்மைதான், ஒரு பொய்யும் இல்லை. தொப்பூர் மேட்டில் ஆக்ஸிலேட்டர் மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. ஆபீஸ் போய் வந்த வண்டி என்பதே அந்த வண்டியின் வியாதி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சின்ன பெட்ரோல் காருக்கே கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், கூலி எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தை ஒட்டி வந்துவிடும். என்ஜின் அதிர்வைக் குறைக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்ற சக்கரம் உள்ள டீசல் வண்டி என்றால், அதுவும் போயிருந்தால், பல மடங்கு. இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது: முன்னால் ஆள் இல்லாத சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, பிரேக்கிலும் கால் வைத்துக்கொண்டு மூன்றாவது கியர் போட்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் வண்டி உடனே ஆஃப் ஆகிவிடும். ஆஃப் ஆகாமல் என்ஜின் சுற்றிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு முறை செய்தால் போதும், விற்பவர் முன்னால் நாலு முறை செய்து அவர் கிளட்சை நீங்கள் தீர்த்துவிடாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏஎம்டி என்று விற்பதில் உள்ளே இருப்பது அதே கிளட்ச் பிளேட்தான், மிதிப்பது உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார். ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து வைத்தால் அது உங்களைவிட வேகமாகப் பிளேட்டைத் தீர்த்துவிடும். ஆயிலில் நனையாத இரண்டு கிளட்ச் வைத்த டிரை டூயல் கிளட்ச் வகைகள் ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாவதும் தெரிந்த விஷயம். தினமும் வெளிவட்டச் சாலையில் ஆபீஸ் போகிறவர் ஆட்டோமேட்டிக் வாங்கினால் ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகையோ, பெல்ட்டில் ஓடும் சிவிடி வகையோ பார்ப்பது நல்லது, வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால் எலக்ட்ரிக்கே பார்க்கலாம், அதற்குச் சிக்னலில் நிற்பது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து ஆயில். "நான் வருஷத்துக்கு ஐயாயிரம்கூட ஓட்டுவதில்லை, பத்தாயிரம் ஆனதும் மாற்றினால் போதாதா?" என்று எங்கள் அபார்ட்மென்டில் கேட்காதவர் இல்லை. மேனுவலில் "10,000 கிமீ அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்றுதான் இருக்கும். அந்த 12 மாதம் யார் கண்ணிலும் படுவதில்லை. இன்னும் நாலு பக்கம் புரட்டினால், நெரிசலில் நின்று நின்று போவது, குறைந்த தூரம் ஓட்டுவது, தூசி அதிகமான சாலை இவற்றுக்கெல்லாம் தனியாக ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள், பல வண்டிகளில் அதன்படி ஆயில் மாற்றும் இடைவெளி பாதியாகக் குறைந்துவிடும். பெங்களூரில் அந்த மூன்றும் சேர்ந்து ஒரே காலையில் நடக்கிறது. இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடம் போய் வரும் வண்டியில் ஆயில் முழுச்சூடு ஏறுவதற்குள் என்ஜினை நிறுத்திவிடுகிறோம், உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. சர்வீஸ் சென்டரில் இதைச் சொல்லாமல் என்ஜின் ஃப்ளஷ், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், அடிப்பாகக் கோட்டிங் என்று பில்லை நீட்டுவார்கள். அதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தப் பணத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரம் மாற்றுங்கள்.

டீசலுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்க டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும், அதற்குச் சுமார் 600 டிகிரி சூடும் கொஞ்ச நேரம் நிற்காத ஓட்டமும் வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அது எங்கே கிடைக்கும்? எரிக்க ஆரம்பிக்கும், அதற்குள் சிக்னல் வரும், நின்றுபோகும். இப்படிப் பாதியில் நிற்கும்போது கரியை எரிப்பதற்காக என்ஜின் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலில் கலந்து டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆயில் குறைந்தால் பயப்படத் தெரிந்தவர்களுக்கு, கூடினாலும் பயப்பட வேண்டும் என்பது தெரிவதில்லை. டீசல் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நைஸ் ரோட்டிலோ ஓசூர் பக்கமோ அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். வருஷத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் ஓட்டுகிறவர் டீசல் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து, மைலேஜ் கணக்குக் காட்டி யார் சொன்னாலும்.

இதுவரை சொன்னது ஊர்ந்து ஊர்ந்து குறைவாக ஓடிய வண்டி. ஓடாமலேயே நின்று குறைவாக ஓடிய வண்டி என்று இன்னொரு ரகம் இருக்கிறது, வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் பேஸ்மென்டில் தூங்கியவை. விற்கும்போது இதற்குத்தான் அதிக விலை சொல்கிறார்கள், விளம்பரத்தில் டாக்டர் பத்திரமாக ஓட்டிய வண்டி என்று வேறு போடுகிறார்கள் (இந்த ஊரில் இத்தனை டாக்டர்கள் இருந்தால் நாம் ஏன் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியவில்லை). நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும், பின் சக்கர டிரம்மில் ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும். பானட்டைத் திறந்து ஒயரிங்கைச் சுற்றி டேப் புதிதாகப் பளபளக்கிறதா பாருங்கள், எலி வந்துபோன இடம் அதுதான். புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது, எங்கள் பேஸ்மென்ட் எலிகளுக்கு அது பழகிவிட்டது.

டயர்தான் இதில் மோசம். பட்டன் (தரையில் படும் பக்கத்து மேடு பள்ளம்) முழுசாக இருக்கும், பார்க்கப் புதிது மாதிரி இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், ஓரத்தில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் அதை நம்பி ஊருக்குப் போகாதீர்கள். பெங்களூர் குளிரில் முப்பது கிமீ வேகத்தில் ஓடியபோது ஒன்றும் செய்யாத டயர், குடும்பம், பெட்டி படுக்கையோடு, காற்றும் குறைவாக, சித்திரை வெயிலில் வாணியம்பாடி தாண்டி நூறில் போகும்போதுதான் வேலையைக் காட்டும். ஸ்டெப்னியின் எண்ணையும் மறக்காமல் பாருங்கள், பெரும்பாலும் வண்டியோடு வந்தது அப்படியே கிடக்கும்.

தண்ணீர் பார்த்த வண்டிகள் தனிக்கதை. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் லேஅவுட் லேஅவுட்டாகக் கார்கள் மூழ்கின. சென்னையில் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயல் மழையிலும் மூழ்கியவை எத்தனையோ. அப்படிப்பட்ட வண்டிகள் கழுவித் துடைத்து வேறு ஊர்ச் சந்தைக்கு வராமலா போகும்? அவற்றிலும் கிலோமீட்டர் குறைவாகத்தான் இருக்கும்! சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு அங்கே தங்கியிருக்கும், ஏனென்றால் யாரும் அதுவரை கழுவ மாட்டார்கள். சீட்டுக்கு அடியில் ரெயிலில் துரு, கார்பெட்டைத் தூக்கினால் ஒரு பழைய வாடை, இவை போதும். உங்கள் சொந்த வண்டி மூழ்கினால் ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு எடுக்காவிட்டால் சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம்.

இங்கிருந்து வண்டி வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் என்ஓசி என்ற ஆட்சேபணையின்மைச் சான்றுக்கான ஃபார்ம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடன் இருந்திருந்தால் 35, இவற்றில் விற்பவர் கையெழுத்து வாங்காமல் முழுப்பணம் கொடுக்க வேண்டாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவு மாற்ற வேண்டும் என்பது சட்டம், கட்ட வேண்டிய வரியையும் வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். டிராஃபிக் அபராதப் பாக்கியையும் வண்டி எண்ணைப் போட்டு முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். 2023 பிப்ரவரியில் அபராதத்தில் பாதித் தள்ளுபடி என்று கர்நாடக அரசு அறிவித்தபோது ஜனங்கள் வரிசையில் நின்ற அழகைப் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு வண்டியின் பேரிலும் எவ்வளவு நிலுவை இருக்கும் என்று தெரியும்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை கார் பக்கம் போடும்போது ஷோரூம்காரர்களிடம் மட்டும் கேட்காமல் ஜே.சி. ரோட்டிலோ சிவாஜிநகரிலோ இருக்கும் பழைய மெக்கானிக் ஒருவரை எழுத வையுங்கள், அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஹைவேயில் எண்பதாயிரம் ஓடி, வருஷா வருஷம் சர்வீஸ் பில் வைத்திருக்கும் வண்டியையும், ஊருக்குள் முப்பதாயிரம் ஓடி ஒரு பில்லும் இல்லாத வண்டியையும் அவர் முன்னால் நிறுத்தி, எதை எடுக்கலாம் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
அல்சூர், பெங்களூரு